செவ்வந்திக் காம்பும் முன் இருக்கையும்

புல்லு முழுக்கப் பனித்தண்ணி. சீலைக்கரை நனைஞ்சு காலோடை ஒட்டிக்கொண்டு வந்தது. இடுப்பிலை வடைச்சட்டி, கையிலை மாலை வைச்ச பை. லாங்கன்தாலிலை இருந்து சைக்கிளிலை பின்னுக்கு இருத்திக் கொண்டுவந்த என்ரை மனுசன், வந்து இறங்கின உடனை என்னை விட்டிட்டு ஓடிப்போட்டார்.

எங்கை ஓடினவர்? ஒண்டுக்கு மேலை ஒண்டா ரெண்டு செட்டை வைச்ச ஒரு மஞ்சள் பிளேனுக்குக் கீழை. அங்கை ஒரு குடும்பம் மடக்கு மேசை போட்டுக் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தகப்பன், மகள், மகளின்ரை ரெண்டு பிள்ளையள். நாலு பேருக்கும் ஒரே மாதிரி நீல ஓவரோல். நெஞ்சிலை வெள்ளை நூலாலை அவரவர் பேர். மகள்காரி பைக்குள்ளை கையை விட்டு இன்னொரு நீல ஓவரோலை எடுத்து இவரிட்டை நீட்டினா. இவர் அதைப் போட்டுக்கொண்டு, பிறந்த வீட்டுக்கு வந்தவர் மாதிரிக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். நெஞ்சிலை ‘ராசா’ எண்டு தைச்சிருந்தது.

அப்பதான் எனக்கு விளங்கினது. நான் வரமுதலே என்ரை மனுசனுக்கு இஞ்சை ஒரு குடும்பம் இருக்குது.

போன கிழமை இந்தப் பத்திரிகையிலை, நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த கதையை வாசிச்சிட்டு ரெனானிலை இருந்து ஒரு வாசகி தொலைபேசி எடுத்தவ. “அக்கா, வந்த புதிசிலை உங்களுக்கு எது கூடக் கஸ்டமா இருந்தது? குளிரோ, பாசையோ?” எண்டு கேட்டா. குளிருமில்லை, பாசையுமில்லை பிள்ளை. எரிச்சல். மற்றவையைப் பார்த்து வாற அந்த எரிச்சலைத்தான் இந்தக் கிழமை எழுதப்போறன்.

கடிதத்திலை வந்த எஞ்சின்

கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும்.

எங்கட கலியாணம் முடிஞ்சு பதினோராம் நாள் இவர் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர். அதுக்கு முதல் யாழ்ப்பாணத்திலை மாமாவின்ரை பழைய மொறிஸ் மைனரை ஹயருக்கு ஓடினவர். கலியாணத்தண்டும் அந்தக் கார்தான் வந்தது. தாலி கட்டி வெளிக்கிடேக்கை கார் ஸ்டாட் வரேல்லை. மாப்பிள்ளை பட்டுவேட்டியோடை பொனற்றைத் திறந்து தலையை உள்ளுக்கை விட்டிட்டார். நான் மாலையோடை றோட்டிலை நிண்டன். அண்டைக்கே எனக்கு விளங்கியிருக்க வேணும், விளங்கேல்லை.

நாலு வருசம் நான் அங்கை, இவர் இஞ்சை. நீல வான்கடிதம் ஒழுங்கா வரும். முதல் ரெண்டு வரி என்ரை சுகம் விசாரிப்பு. மிச்சம் முழுக்கப் பிளேன்.

லாங்கன்தாலிலை ஒரு தொழிற்சாலையிலை இவர் மெசின் துடைக்கிற வேலை செய்தவர். அங்கை ஒரு வயசான மேற்பார்வையாளர். ஒருநாள் இவர் ஒரு மெசினிலை காதை வைச்சுக் கேட்டுப்போட்டு, “இதை நிப்பாட்டுங்கோ, உள்ளுக்கை ஏதோ தேயுது” எண்டு கையாலை காட்டியிருக்கிறார். கழட்டிப் பார்த்தால் உண்மைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மனுசன் இவரைத் தன்ரை காரிலை ஏத்திக்கொண்டு புல்லு விமானத்திடலுக்குப் போனார். அங்கை அவையின்ரை குடும்பப் பிளேன் நிண்டது. ஓட்டுறது அவரின்ரை மகள் ரெகுலா.

அண்டையிலை இருந்து ஒவ்வொரு ஞாயிறும் இவருக்கு அங்கைதான். சம்பளம் இல்லை. எண்ணெய் துடைக்கிறது, சில்லுக்குக் கட்டை வைக்கிறது, எஞ்சினோடை கதைக்கிறது. ‘இந்த எஞ்சினுக்கு வயசு ஐம்பதாகப் போகுது, ஆனால் சத்தத்தைக் கேட்டால் நம்பமாட்டீர், அவ்வளவு இனிமை’ எண்டு எழுதுவார். எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. என்ரை சத்தத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.

‘ரெகுலா நல்ல கெட்டிக்காரி. புருசனோடை பிரிஞ்சிட்டா, பாவம்’ எண்டும் ஒரு கடிதத்திலை இருந்தது. நான் கேட்டனானோ? அந்தக் கடிதத்தை மட்டும் நான் திரும்பத் திரும்ப வாசிச்சன். அந்தப் ‘பாவம்’ எனக்கு நித்திரையைக் கெடுத்துப்போட்டுது.

செட்டைக்குக் கீழை குடித்தனம்

சரி, திடலுக்கு வாறன்.

அது பழைய பிளேன் வைச்சிருக்கிற குடும்பங்கள் வருசத்திலை ஒருக்காக் கூடுற நாள். முப்பது, முப்பத்தைஞ்சு பிளேன் வரிசையா நிண்டது. ஒவ்வொண்டுக்குப் பக்கத்திலையும் ஒரு சின்னக் கூடாரம். முதல்நாளே பறந்து வந்து, இரவு அங்கையே படுத்து எழும்பின சனம். கோப்பி மணமும் பெற்றோல் மணமும், பக்கத்துத் தோட்டத்து எரு மணமும் கலந்து வந்தது. ஒரு தாய் செட்டைக்கும் செட்டைக்கும் நடுவிலை இழுத்துக் கட்டின கம்பியிலை பிள்ளையின்ரை உடுப்புக் காயப்போட்டிருந்தா. ஒரு வீட்டிலை தாய் ஓட்ட, தகப்பன் வரைபடம் பிடிப்பாராம். இன்னொரு வீட்டிலை அண்ணன், தம்பி மூண்டு பேருக்கும் பொதுவா ஒரு பிளேன். எங்கட ஆக்கள் கிணத்திலை பங்கு வைச்சிருக்கிற மாதிரி அவை பிளேனிலை பங்கு வைச்சிருந்தினம்.

எரிச்சல் எண்டால் சும்மா எரிச்சல் இல்லை. வயிறு பத்தி எரிஞ்சது. பிளேன் வைச்சிருக்கினம் எண்டதுக்காக இல்லை. தாய், தகப்பன், தமையன், தங்கச்சி எல்லாரும் ஒரு மேசையிலை இருந்து, பின்னல் போட்ட பாணைப் பிய்ச்சுச் சாப்பிட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சிரிக்கினம். என்ரை பெரியண்ணை லண்டனிலை. சின்னண்ணை எங்கை எண்டே அப்ப தெரியாது. அம்மா தனிய வீட்டிலை. நாங்கள் எல்லாரும் ஒண்டா நிண்டு எடுத்த கடைசிப் படம் என்ரை கலியாணப் படம்தான். இவை வருசா வருசம் செட்டைக்கு முன்னாலை நிண்டு படம் எடுக்கினம். இந்த முறைப் படத்திலை என்ரை மனுசனும் நிக்கிறார். நான் வடைச்சட்டியோடை கமராக்காரனுக்குப் பின்னாலை நிண்டனான்.

பிளேனுக்குப் பொட்டு

என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனவர் எண்டால், பூசைக்கு.

அந்த வருசம் அந்த மஞ்சள் பிளேனுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். எங்கட ஊரிலை வாகனம் எடுத்தால் சந்தனம், குங்குமம் வைச்சு, மாலை போட்டு, சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு நசிக்கிற வழக்கத்தை இவர் எப்பவோ ரெகுலாவுக்குச் சொல்லியிருக்கிறார். அவ விடாப்பிடியா, “உன்ரை மனுசியைக் கூட்டிக்கொண்டு வா, எங்கட பிளேனுக்கும் செய்யட்டும்” எண்டு சொல்லிப்போட்டா.

“கற்பூரம் மட்டும் கொண்டுவந்திடாதையும், பெற்றோல் நிக்கிற இடம்” எண்டு இவர் என்னட்டை பத்துத்தரம் சொன்னவர். நெருப்பைப் பற்றித்தான் சொன்னவர். வேறை ஒண்டும் சொல்லேல்லை.

நான் பக்கத்து வீட்டுக்காரியிட்டைக் கேட்டுச் செவ்வந்தி பிடுங்கி, ஊசியிலை கோத்து மாலை கட்டினனான். ஊரிலை கோயில் தேருக்கு மாலை கட்டின கை இது. ரெகுலா பிளேனைச் சுத்திச்சுத்தி வந்து, ஒவ்வொரு இடமாத் தட்டிப் பார்த்து முடிச்சா. கடைசியா, ரெண்டு செட்டைக்கும் நடுவிலை நிக்கிற தூணிலை முன்னுக்கு நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் குழாயிலை இருந்து சிவப்புத் துணித் தொப்பியைக் கழட்டிச் சட்டைப்பைக்குள்ளை வைச்சுக்கொண்டு, “இனி உங்கட நேரம்” எண்ட மாதிரிக் கையைக் காட்டினா.

முன்விசிறிக்கு மாலை போட்டன். மூக்கிலை சந்தனம், நடுவிலை குங்குமம். சில்லு ரெண்டுக்கும் தேசிக்காய். சனம் சுத்திவர நிண்டு கைதட்டினது. அந்தக் குழாயைப் பார்த்தன். தொப்பி கழட்டி வெறுமையா இருந்தது. என்ரை நெஞ்சளவு உயரம், வாய் என்னைப் பார்த்தபடி. பூச் செருகத்தான் வைச்சிருக்கினம் எண்டு எனக்குத் தோன்றினது. நல்ல வடிவான ஒரு செவ்வந்தியாப் பார்த்து, காம்போடை செருகிவிட்டன்.

எங்கட ஆக்களைத் தவிர உலகத்திலை வேறை ஆர் உப்பிடிச் செய்வினம்!

ஊதினால் ஆடுற முள்ளு

பூசை முடிஞ்சு சாப்பிடேக்கைதான் அது நடந்தது. இவரின்ரை கன்னத்திலை எண்ணெய்க் கறை. ரெகுலா கதைச்சுக்கொண்டே தன்ரை லேஞ்சியாலை எட்டித் துடைச்சுவிட்டா. இவரும் சின்னப்பிள்ளை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்! பிறகு அவ என்னைப் பார்த்துச் சிரிச்சு, மேலை கையைக் காட்டி ஏதோ சொன்னா.

“என்னவாம்?” எண்டு கேட்டன்.

இவர் பாணைப் பார்த்துக்கொண்டு, “இண்டைக்கு நான் அவவோடை பறக்கப்போறன். முன் இருக்கையிலை” எண்டார்.

“எப்ப முடிவானது?”

“போன மாசமே. சொன்னால் நீர் பயப்பிடுவீர் எண்டு சொல்லேல்லை.”

“நாலு வருசம் தனிய இருந்தவளுக்குப் பயமோ? கண்டறியாத பயம்!” எண்டன்.

பிளேனிலை ரெண்டே ரெண்டு இருக்கை. பின்னுக்கு அவ, முன்னுக்கு இவர். நாலு வருச ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவர் எண்ணெய் துடைச்சது இந்த ஒரு இருக்கைக்காகத்தான் எண்டது அந்த முகத்திலை தெரிஞ்சது. எங்கட கலியாணப் படத்திலை கூட இவருக்கு அப்பிடி ஒரு முகம் இல்லை.

நான் எழும்பிப் போய் மாலையைக் கழட்டினன். குழாயிலை செருகின பூவையும் அதே கோபத்திலை இழுக்க, அது முறிஞ்சு வந்தது. பூ கையிலை, காம்பு குழாய்க்குள்ளை. விரலை விட்டுப் பார்த்தன், எட்டேல்லை. கிடக்கட்டும் எண்டு விட்டிட்டன்.

பக்கத்துப் பிளேனடியிலை ரெகுலாவின்ரை தகப்பன் பார்க்க வந்த பிள்ளையளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பாசை எனக்குத் தெரியாது, ஆனால் மனுசன் கையாலை வடிவாக் கதைப்பார். அதிலையும் அதே மாதிரிக் குழாய். ஒரு பெட்டையை அதுக்கு முன்னாலை நிப்பாட்டி, மெதுவா ஊதச் சொன்னார். ஒரு பெடியனை இருக்கையிலை ஏத்தி, வட்ட மணிக்கூடு மாதிரி ஒண்டைப் பார்க்கச் சொன்னார். அவள் ஊத, முள்ளு ஆடினது. அவன் கத்தினான். மனுசன் கையை விரிச்சு வேகமாப் போற மாதிரிக் காட்டினார், பிறகு மெதுவாப் போற மாதிரி. பிறகு குழாய் வாயை விரலாலை பொத்தி, தலையை ஆட்டி, ஒரு கையைக் குப்புறக் கவிழ்த்துப் புல்லிலை விழுத்திக் காட்டினார்.

காத்து உள்ளுக்கை போனால்தான் வேகம் தெரியும். அடைச்சால் தெரியாது. தெரியாட்டில் விழலாம். நான் அடைச்சுப்போட்டன்.

கால்மணித்தியாலம்

இப்ப நீங்கள் நினைப்பியள், உடனை ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள் எண்டு. இவர் இருபது அடி தள்ளித்தான் நிண்டவர். “இஞ்சாருங்கோ” எண்டால் திரும்பியிருப்பார்.

நான் போய்க் கதிரையிலை இருந்தன்.

முதல் வெக்கம். படிச்ச சனத்துக்கு நடுவிலை, பட்டிக்காட்டு மனுசி பிளேனுக்குப் பூச் செருகிக் கெடுத்துப்போட்டாள் எண்டு ஆகும். இவரின்ரை நீல ஓவரோலைக் கழட்டி வாங்கிப்போடுவினமோ எண்டும் ஒரு யோசனை. இவ்வளவும் உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை.

அதுக்குக் கீழை இன்னொண்டு கிடந்தது. இவர் தோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ரெகுலா வாரை இழுத்துக் கட்ட, ராசா மாதிரி முன் இருக்கையிலை இருக்கட்டும். எல்லாரும் பார்க்கட்டும். பிறகு நான் நிப்பாட்டுறன். இறங்கட்டும். இதுதான் என்ரை மனசிலை ஓடினது. கொல்ல நினைக்கேல்லை, சத்தியமா இல்லை. நிப்பாட்டுறது எண்டது முதலே முடிவு. ஏறின பிறகு நிப்பாட்டுறது எண்டதும் முடிவு.

கால்மணித்தியாலம் இருந்து பாண் சாப்பிட்டன். வெண்ணெய் கூடப் பூசினனான்.

ஆனால் நான் நினைச்ச மாதிரி நடக்கேல்லை. இவர் ஏறினதும், எஞ்சின் ஸ்டாட் வந்ததும், கட்டையை எடுத்ததும் எல்லாம் ஒரு நிமிசத்திலை முடிஞ்சுது. நான் எழும்பிக் கத்த, அந்தச் சத்தத்திலை என்ரை குரல் எனக்கே கேக்கேல்லை. பிளேன் நகரத் தொடங்கிட்டுது. ஐயோ கடவுளே எண்டு சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடினன். ஒரு சப்பாத்து கழண்டு போச்சு. சுத்தி முன்னுக்குப் போய், ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு புல்லிலை குந்திட்டன்.

அந்தப் பிளேன் வாலை நிலத்திலை வைச்சு மூக்கை நிமித்திக்கொண்டு போற சாதி. நேர முன்னுக்கு இருக்கிறது ஓட்டுறவைக்குத் தெரியாதாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். ரெகுலாவின்ரை தகப்பன், அந்தக் கிழவர்தான் கண்டு, கையைக் குறுக்கக் காட்டிக் கத்திக்கொண்டு ஓடிவந்தார். எஞ்சின் அணைஞ்சுது. விசிறி என்னிலை இருந்து பத்து முழத்திலை நிண்டுது. சந்தனப் பொட்டு எனக்கு நேரை தெரிஞ்சது.

இவர் எட்டிப் பார்த்துக் கத்தினார். “விசரே உமக்கு? என்னப்பா இது, சனத்துக்கு முன்னாலை! இவ்வளவு எரிச்சலோ?”

எரிச்சல்தான். ஆனால் நான் குழாயைக் காட்டி, “காம்பு... அதுக்குள்ளை பூக்காம்பு முறிஞ்சு கிடக்கு” எண்டன்.

நீர் போம்

கிழவர் மெல்லிய குறடாலை அதை வெளியிலை எடுத்தார். சுண்டுவிரல் நீளம், பச்சைக் காம்பு. உள்ளங்கையிலை வைச்சு எல்லாருக்கும் காட்டினார். ஒருத்தரும் சிரிக்கேல்லை. ரெகுலா புல்லிலை முழங்காலிலை இருந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, கன்னத்திலை மூண்டு தரம் கொஞ்சினா. அவவின்ரை பிள்ளையள் ஓடிவந்து தாயைப் பிடிச்சுக்கொண்டதுகள். பூ வைச்சது ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அடைப்பைக் கண்ட உடனை ஓடிவந்து குறுக்கை விழுந்தவள் எண்டுதான் எல்லாருக்கும் பட்டது. ‘கண்ட உடனை’ எண்டு எல்லாரும் நினைச்சதை நான் திருத்தேல்லை.

இவர் இறங்கி வந்து எனக்கு முன்னாலை நிண்டார். முகம் வெளிறிப்போய்க் கிடந்தது. “நான் உம்மைப் பேசிப்போட்டன்” எண்டார். தோல் தொப்பியைக் கழட்டினார். கழட்டி என்ரை தலையிலை வைச்சார்.

“நீர் போம்.”

“நீங்கள்?”

“நான் அடுத்த வருசம் போறன். எங்கை போகப்போகுது பிளேன்? நீர் போம்.”

ஒருக்கா வேண்டாம் எண்டன். ரெண்டாந்தரம் சொல்லேல்லை.

சீலைக் கொய்யகத்தை இறுக்கிச் செருகி, முந்தானையைச் சுத்திக் கட்டி, இவரே என்னை ஏத்தி வாரை இழுத்துவிட்டார். கிழவர் குழாயைக் கழட்டி ஊதித் திரும்பப் பூட்டினார். ரெகுலா இன்னொருக்கா எல்லாம் தட்டிப் பார்த்தா. பிறகு புல்லு கீழை போச்சு.

காத்து வாயைத் திறக்க விடாது. முகத்திலை சின்னச்சின்ன எண்ணெய்த்துளி. லாங்கன்தால் புகைக்கூண்டு, எங்கட கூரையறை யன்னல், தூரத்திலை ஆறு வெயிலிலை மினுங்கினது, அதுக்கும் அங்காலை பனிமலை முழுக்க வரிசையா. கீழை ஒரு நீலப்புள்ளி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிண்டது. கையை ஆட்டினது. நான் வாரைப் பிடிச்சுக்கொண்டிருந்ததாலை ஆட்டேல்லை. அப்பிடித்தான் பிறகு சொன்னனான்.

இறங்கி வந்தாப்பிறகு சைக்கிளிலை வீட்டை போற வழி முழுக்க இவர் ஒண்டுதான் கதைச்சார். “சீலையிலை எண்ணெய் பட்டிருக்கு, மண்ணெண்ணை போட்டுத் தோயும்” எண்டார்.

அந்த மாரியிலை கிழவர் செத்துப்போனார். ரெகுலாவாலை தனியப் பராமரிக்க ஏலாமல், வசந்தத்திலை ஆரோ ஒரு ஜெர்மன்காரனுக்குப் பிளேனை வித்துப்போட்டா. அவன் வந்து ஓட்டிக்கொண்டு போகேக்கை கட்டையை எடுத்துவிட்டது இவர்தான். நான் வீட்டிலை நிண்டனான், போகேல்லை.

அதுக்குப் பிறகு இவர் எத்தினையோ பெரிய பிளேனிலை கொழும்புக்கும் லண்டனுக்கும் பறந்திட்டார். அந்த மாதிரித் திறந்த பிளேனிலை, முன் இருக்கையிலை, ஒருநாளும் இல்லை. ஆனால் வீட்டுக்கு ஆர் வந்தாலும் கதை சொல்லுவார். “என்ரை மனுசி அண்டைக்குக் கண்ட உடனை குறுக்கை விழுந்திராட்டில், நான் இண்டைக்கு இல்லை” எண்டு. நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிப்பன். எங்கட மகள் சின்னனிலை ஒருநாள், “அப்பா, நீங்கள் அதிலை பறக்கேல்லையோ?” எண்டு கேட்டவள். “இல்லையம்மா, அம்மாதான் போனவ” எண்டார். அந்தக் குரலிலை எரிச்சல் இருக்குதோ எண்டு நான் காது குடுத்துக் கேட்டனான். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். ஒரு துளி இருக்கேல்லை.

இந்தப் பத்திரிகை எங்கட வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தபாலிலை வரும். முதல் வாசிக்கிறவர் அவர்தான். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் எழுதினதிலை பிழை இருந்தால் பேனையாலை கோடு போட்டு வைப்பார். இந்த வெள்ளிக்கிழமை நான் குசினிக்கை நிப்பன்.

இஞ்சாருங்கோ. கண்ட உடனை நான் ஓடிவரேல்லை. கால்மணித்தியாலம் முதலே எனக்குத் தெரியும். நீங்கள் ஏறுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தனான். இறங்கிறதைப் பார்க்கவேணும் போல இருந்தது. மேலை போகேக்கையும் எனக்கு ஒரு சொட்டுக் கவலை வரேல்லை, நல்ல சந்தோசமா இருந்தது.

கோடு போடுறதெண்டால் இதிலை போடுங்கோ.